அத்தியாயம் 9: கணக்கை விட்டு முறையாக வெளியேறுதல்

வீட்டுக் கம்ப்யூட்டரில் ஜிமெயில் பார்த்து முடித்ததும், வலது மேல் மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அழுத்தி பிரவுசரை மூடிவிடுவதுதான் பெரும்பாலானவர்களின் வழக்கம். சிலர் கம்ப்யூட்டரையே அணைத்துவிட்டு எழுந்துபோவார்கள். இரண்டாலும் கணக்கு மூடப்படுவதில்லை. மறுநாள் அந்தக் கம்ப்யூட்டரை யார் திறந்தாலும், பாஸ்வேர்டு கேட்காமலே உங்கள் அஞ்சல்பெட்டி அவர் முன்னால் விரியும்.

“என் வீட்டுக் கம்ப்யூட்டர்தானே, யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?” என்ற கேள்வி நியாயமானது. ஆனால் வீட்டுக் கம்ப்யூட்டர் ஒருவர் மட்டும் தொடும் பொருளாக இருப்பது அரிது. மகளின் தோழிகள் பிராஜெக்ட் செய்ய உட்காருவார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை கவுன்சலிங் விண்ணப்பம் போட வரும். ஹார்ட் டிஸ்க் பழுதானால் கடைக்குப் போய் நான்கு நாள் அங்கேயே கிடக்கும். புதிது வாங்கியதும் பழையது உறவினர் வீட்டுக்குப் போகும். இவர்களில் யாரும் கெட்ட எண்ணம் கொண்டவர்களாக இருக்க வேண்டியதில்லை. உங்கள் கணக்கு என்று தெரியாமலே ஒருவர் அதிலிருந்து அஞ்சல் அனுப்பிவிடலாம். இடம் போதவில்லை என்று எதையாவது அழித்துவிடலாம்.

எல்லாக் கணக்குகளிலும் மின்னஞ்சல் கணக்குக்குத்தான் முதல் கவனம் தர வேண்டும். வேறொரு தளத்தில் பாஸ்வேர்டு மறந்துபோனால் அதை மாற்றுவதற்கான இணைப்பு அஞ்சலுக்குத்தான் வருகிறது. அஞ்சல்பெட்டி திறந்து கிடந்தால், அதை நம்பியிருக்கும் மற்றக் கணக்குகளும் பாதி திறந்தவைதான். அதனால் இந்த அத்தியாயம் கூகுள் கணக்கை, விண்டோஸ் கம்ப்யூட்டரில் குரோம் பிரவுசரில் பயன்படுத்துவதை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. திரையில் ஆங்கிலத்தில் தெரியும் பட்டன்களின் பெயர்கள் இங்கே தமிழ் எழுத்தில் அப்படியே தரப்பட்டுள்ளன.

உள்ளே என்ன நடக்கிறது?

இணையப் பக்கங்களைக் கொண்டுவரும் எச்.டி.டி.பி. என்ற நெறிமுறைக்கு நினைவு கிடையாது. ஒரு பக்கத்தைக் கேட்டால் அனுப்பும். அடுத்த பக்கத்தைக் கேட்பவர் அதே ஆள்தானா என்பது அதற்குத் தெரியாது. இந்தக் குறையைத் தீர்க்க 1994-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் பொறியாளர் லூ மோன்டுல்லி உருவாக்கியதுதான் குக்கி. நீங்கள் சரியான பாஸ்வேர்டைக் கொடுத்ததும், யாராலும் ஊகிக்க முடியாத நீளமான எண்ணெழுத்துத் தொடர் ஒன்றை அந்தத் தளம் உங்கள் பிரவுசரிடம் தருகிறது. பிரவுசர் அதைக் குக்கியாகச் சேமித்துக்கொள்கிறது. அதன் பிறகு ஒவ்வொரு பக்கத்துக்கும் பாஸ்வேர்டு தேவையில்லை. குக்கியைக் காட்டினால் போதும்.

கோயில் வாசலில் செருப்பு விடும் இடத்தில் தரும் டோக்கனை நினைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது அங்கிருப்பவர் முகத்தைப் பார்ப்பதில்லை, டோக்கனைப் பார்க்கிறார். யார் கையில் டோக்கன் இருக்கிறதோ அவருக்குச் செருப்பு கிடைக்கும். குக்கியும் அப்படித்தான். பிரவுசரை மூடுவது டோக்கனைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு சட்டையைக் கழற்றி மாட்டுவது. சைன் அவுட் செய்வது டோக்கனைத் திருப்பிக் கொடுப்பது. அதன் பிறகு அந்த எண் செல்லாது.

பாஸ்வேர்டு எவ்வளவு கடினமாக இருந்தாலும் குக்கி பறிபோனால் பயனில்லை. 2023 மார்ச்சில், கோடிக்கும் மேற்பட்ட பார்வையாளர்களைக் கொண்ட ‘லைனஸ் டெக் டிப்ஸ்’ யூடியூப் சேனல் இப்படித்தான் பறிக்கப்பட்டது. விளம்பர ஒப்பந்தம் போல வந்த கோப்பை ஊழியர் ஒருவர் திறந்தார். அதில் ஒளிந்திருந்த தீநிரல் பிரவுசரில் இருந்த குக்கிகளைத் திருடி அனுப்பியது. திருடியவர்களுக்குப் பாஸ்வேர்டும் தேவைப்படவில்லை, ஓ.டி.பி.யும் தேவைப்படவில்லை. வேலை முடிந்ததும் வெளியேறிவிட்ட கணக்குக்கு அந்த நேரத்தில் திருடுவதற்கு உயிருள்ள குக்கி இருப்பதில்லை.

வெளியேறும் முன்: திரும்பி வர வழி இருக்கிறதா?

சைன் அவுட் செய்யப் பலர் தயங்குகிறார்கள், வயதானவர்கள் குறிப்பாக. அவர்களுடைய அச்சம் உண்மையானது: பாஸ்வேர்டு நினைவில்லை, வெளியே போனால் உள்ளே வர முடியாது. கணக்கைத் திறந்துகொடுத்த பேரன் இப்போது வெளியூரில் இருப்பான். எனவே முதலில் இந்த மூன்றையும் சரிபாருங்கள். கணக்கு திறந்திருக்கும்போதே செய்வதுதான் எளிது.

1. பாஸ்வேர்டு உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால், உங்கள் போனிலும் அதே கணக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், போனில் வரும் கேள்விக்கு ‘யெஸ்’ கொடுத்துப் பெரும்பாலும் புதிய பாஸ்வேர்டு அமைத்துக்கொள்ளலாம்.

2. கணக்கோடு இணைந்த மொபைல் எண் இன்னும் உங்களிடம் உள்ளதா? கூகுள் கணக்குப் பக்கத்தில் ‘செக்யூரிட்டி’ பகுதியில் ‘ரெகவரி போன்’ என்று இருக்கும். பழைய எண் இருந்தால் உடனே மாற்றுங்கள். இந்தியாவில் துண்டிக்கப்பட்ட மொபைல் எண் 90 நாள் கழிந்த பின் வேறொருவருக்குத் தரப்படலாம். அப்படித் தரப்பட்டால் உங்கள் ஓ.டி.பி. முன்பின் தெரியாதவரின் போனுக்குப் போகும்.

3. இரட்டைச் சரிபார்ப்பு வைத்திருந்தால் ‘பேக்கப் கோட்ஸ்’ எடுத்தீர்களா? கூகுள் 8 இலக்கம் கொண்ட 10 குறியீடுகளைத் தரும். ஒவ்வொன்றையும் ஒருமுறைதான் பயன்படுத்தலாம். தாளில் எழுதி, ரேஷன் கார்டும் பத்திரங்களும் இருக்கும் இடத்தில் வையுங்கள். கம்ப்யூட்டரிலேயே சேமிக்காதீர்கள்.

முதல் இடம்: இணையதளம்

கணக்கு மூன்று இடங்களில் திறந்திருக்கலாம்: இணையதளத்தில், பிரவுசரில், கம்ப்யூட்டரில். ஒன்றிலிருந்து வெளியேறினால் மற்ற இரண்டும் தானாக மூடப்படும் என்று நினைத்துவிடக் கூடாது. முதலில் இணையதளம்.

1. ஜிமெயில் பக்கத்தின் வலது மேல் மூலையில் உங்கள் படம் அல்லது பெயரின் முதலெழுத்து உள்ள வட்டத்தை அழுத்துங்கள்.

2. விரியும் பெட்டியின் கீழே ‘சைன் அவுட்’ இருக்கும். அழுத்துங்கள். தமிழில் அமைத்திருந்தால் ‘வெளியேறு’ என்று தெரியும். இதோடு யூடியூப், டிரைவ், போட்டோஸ் என அந்த பிரவுசரில் திறந்திருக்கும் எல்லா கூகுள் சேவைகளிலிருந்தும் வெளியேறிவிடுவீர்கள்.

3. அடுத்து வரும் பக்கத்தில் உங்கள் பெயரும் முகவரியும் ‘சைன்டு அவுட்’ என்ற குறிப்போடு இருக்கும். பாஸ்வேர்டு இல்லாமல் இனி உள்ளே போக முடியாது. ஆனால் முகவரி எல்லோர் கண்ணிலும் படும். அது வேண்டாமென்றால் ‘ரிமூவ் அன் அக்கவுன்ட்’ அழுத்தி, முகவரிக்குப் பக்கத்தில் வரும் குறியைத் தட்டி உறுதிசெய்யுங்கள். இதனால் கணக்கு அழிந்துபோகாது. இந்தக் கம்ப்யூட்டரின் பட்டியலிலிருந்து மட்டும் பெயர் நீங்கும்.

வீட்டில் இரண்டு மூன்று பேர் ஒரே பிரவுசரில் கணக்குகளைத் திறந்து வைத்திருந்தால், பெரும்பாலும் ‘சைன் அவுட் ஆஃப் ஆல் அக்கவுன்ட்ஸ்’ என்ற ஒரே வழிதான் தெரியும். அதை அழுத்தினால் எல்லோரும் வெளியேற்றப்படுவார்கள். அதற்காகத் தயங்க வேண்டாம். மற்றவர்கள் தங்கள் பாஸ்வேர்டைக் கொடுத்துத் திரும்ப நுழையட்டும். நிரந்தரத் தீர்வு மூன்றாம் இடத்தைப் பற்றிப் பேசும்போது வருகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ‘கன்டின்யூ வித் கூகுள்’ என்ற பட்டனை அழுத்தி வேறு தளங்களுக்குள் நுழைந்திருப்பீர்கள். ஷாப்பிங் தளமோ பயிற்சி வகுப்புத் தளமோ இருக்கலாம். நுழைந்த அந்த நேரத்தில் அந்தத் தளம் தனக்கென ஒரு குக்கியைத் தந்துவிட்டது. கூகுளிலிருந்து வெளியேறினாலும் அங்கே நீங்கள் உள்ளேதான் இருக்கிறீர்கள். அந்தந்தத் தளத்திலும் தனியாக வெளியேற வேண்டும்.

வங்கித் தளங்கள் சில நிமிடம் தொடாமல் இருந்தாலே தாமாக வெளியேற்றிவிடும். அந்தப் பழக்கத்தால் எல்லாத் தளங்களும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறோம். அஞ்சலும் சமூக வலைத்தளங்களும் நீங்களாக வெளியேறும் வரை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் திறந்தே இருக்கும்.

இரண்டாம் இடம்: பிரவுசர்

குரோமில் ஜிமெயிலுக்குள் நுழைந்தால், குரோம் பிரவுசருக்குள்ளும் நுழைந்ததாகிவிடுவது உண்டு. 2018 செப்டம்பரில் வந்த குரோம் 69 இதைத் தானாகவே செய்யத் தொடங்கியது. தம்மைக் கேட்காமலே இது நடக்கிறது என்று பயனர்களும், குறியாக்கவியல் அறிஞர் மேத்யூ கிரீன் போன்றவர்களும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அடுத்து வந்த குரோம் 70-ல் இதை நிறுத்திவைக்கும் வசதியை கூகுள் சேர்த்தது. அமைப்புகளில் ‘அலவ் குரோம் சைன் இன்’ என்று இருப்பது அதுதான்.

இது ஏன் முக்கியம்? ஜிமெயிலிலிருந்து வெளியேறிய பிறகும் உங்கள் புக்மார்க்குகளும், பார்த்த தளங்களின் வரலாறும், சேமித்த பாஸ்வேர்டுகளும் அந்த பிரவுசரில் மிஞ்சியிருக்கலாம். பாஸ்வேர்டு மிஞ்சியிருந்தால் சைன் அவுட் செய்ததற்கே அர்த்தம் இல்லை. அடுத்தவர் ஜிமெயிலைத் திறந்ததும் பிரவுசரே உங்கள் பாஸ்வேர்டை நிரப்பிக் கொடுத்துவிடும்.

அதனால் பிறர் கம்ப்யூட்டரிலோ பொதுக் கம்ப்யூட்டரிலோ நுழைந்திருந்தால் இதையும் செய்யுங்கள். குரோமின் மூன்று புள்ளி மெனுவில் ‘செட்டிங்ஸ்’ திறந்து, ‘யூ அண்ட் கூகுள்’ பகுதிக்குப் போங்கள். குரோமின் பதிப்பைப் பொறுத்து ‘டர்ன் ஆஃப்’ அல்லது ‘சைன் அவுட்’ என்று இருக்கும். அதை அழுத்தும்போது, இந்தக் கம்ப்யூட்டரில் உள்ள தரவுகளையும் அழிக்கலாமா என்று கேட்டால் சம்மதியுங்கள். பிறகு ‘பாஸ்வேர்டு மேனேஜர்’ திறந்து உங்கள் கணக்கு எதுவும் பட்டியலில் மிஞ்சவில்லை என்று உறுதிசெய்யுங்கள்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வரலாற்றையும் குக்கிகளையும் அழிக்கும் பெட்டி வரும். ஆனால் குரோமுக்குள் நீங்கள் நுழைந்திருக்கும் நிலையில் இதைச் செய்தால், ஒத்திசைவு வழியாக உங்கள் கணக்கிலுள்ள வரலாறும் அழியலாம். எனவே முதலில் வெளியேறுங்கள், பிறகு அழியுங்கள்.

மூன்றாம் இடம்: கம்ப்யூட்டர்

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொண்டே கம்ப்யூட்டருக்குள் நுழைகிறவர்கள் பலர். அந்தக் கணக்கோடு ஒன்டிரைவ், அவுட்லுக் போன்றவையும் திறந்துகொள்கின்றன. இவற்றை பிரவுசரிலிருந்து மூட முடியாது. கூகுள் டிரைவை ஒரு செயலியாக நிறுவியிருந்தாலும் அப்படியே. பணிப்பட்டையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தந்தச் செயலியின் குறியை அழுத்தி, அதன் அமைப்புகளுக்குள் போய் ‘அன்லிங்க் திஸ் பீசி’ அல்லது ‘டிஸ்கனெக்ட் அக்கவுன்ட்’ என்பதைத் தேட வேண்டும்.

பகிர்ந்துகொள்ளும் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு நல்ல ஏற்பாடு, ஒவ்வொருவருக்கும் தனி விண்டோஸ் பயனர் கணக்கு. ‘செட்டிங்ஸ்’, ‘அக்கவுன்ட்ஸ்’, ‘அதர் யூசர்ஸ்’ என்ற வழியில் போய்ச் சேர்க்கலாம். அப்பாவுக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று, வந்துபோகிறவர்களுக்குப் பொதுவாக ஒன்று. ஒருவருடைய குக்கியும் பாஸ்வேர்டும் மற்றவருக்குத் தெரியாது. எழுந்துபோகும்போது விண்டோஸ் கீயையும் ‘எல்’ எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் திரை பூட்டிக்கொள்ளும். இந்த ஏற்பாடு இருக்கும் வீட்டில் ஒவ்வொரு முறையும் ஜிமெயிலிலிருந்து வெளியேற வேண்டிய அவசியமே பெரும்பாலும் வராது.

வெளியேறிய பின்னும் மிஞ்சுபவை

சைன் அவுட் கணக்கை மூடுமே தவிர, ஏற்கெனவே இறக்கி வைத்த கோப்புகளைத் தொடாது. ‘டவுன்லோட்ஸ்’ ஃபோல்டரைத் திறந்து பாருங்கள்: ஆதார் பி.டி.எஃப்., வங்கிக் கணக்கு அறிக்கை, சான்றிதழ்களின் ஸ்கேன் எனப் பலவும் கிடக்கும். இ-ஆதார் கோப்புக்குப் பாஸ்வேர்டு இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். பெயரின் முதல் 4 ஆங்கில எழுத்தும் பிறந்த ஆண்டும்தான் அது. உங்களை அறிந்த எவரும் ஊகிக்கலாம். தேவையானதைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு மற்றதை அழித்து, ‘ரீசைக்கிள் பின்’னையும் காலிசெய்யுங்கள்.

பிரவுசிங் சென்டரிலோ உறவினர் வீட்டிலோ சிறிது நேரம் மட்டும் உட்காருவதாக இருந்தால், குரோமில் கன்ட்ரோல், ஷிஃப்ட், ‘என்’ சேர்த்து அழுத்தி ‘இன்காக்னிடோ’ சாளரத்தைத் திறந்துகொள்ளுங்கள். ஃபயர்ஃபாக்ஸில் ‘என்’ எழுத்துக்குப் பதில் ‘பி’. அந்தச் சாளரங்கள் எல்லாவற்றையும் மூடியதும் குக்கிகள் அழிந்துவிடும். ஒன்றை மட்டும் மூடி, இன்னொன்றைத் திறந்தே விட்டால் கணக்கும் திறந்தே இருக்கும். இறக்கிய கோப்புகள் இதிலும் அழியாது. நுழையும்போது ‘ஸ்டே சைன்டு இன்’, ‘ரிமெம்பர் மீ’, ‘சேவ் பாஸ்வேர்டு’ என்று எது கேட்டாலும் ‘நோ’ கொடுங்கள்.

டி.என்.பி.எஸ்.சி. ஒருமுறைப் பதிவையோ பொறியியல் கவுன்சலிங் விருப்பப் பட்டியலையோ பிரவுசிங் சென்டரில் செய்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அந்தத் தளத்திலும் வெளியேறுங்கள், ஓ.டி.பி. பார்க்கத் திறந்த அஞ்சலிலிருந்தும் வெளியேறுங்கள். ஓராண்டு உழைப்பு அந்தப் பட்டியலில் இருக்கிறது. அதை இன்னொருவர் மாற்ற இடம் கொடுக்கக் கூடாது.

தூரத்திலிருந்து வெளியேறுதல்

வெளியேற மறந்துவிட்டு பஸ் ஏறிவிட்டீர்களா? பதறித் திரும்ப வேண்டாம். உங்கள் போனிலிருந்தே செய்யலாம்.

கூகுள்: கணக்குப் பக்கத்தில் ‘செக்யூரிட்டி’ பகுதியில் ‘யுவர் டிவைசஸ்’ திறங்கள். இப்போதும் கடந்த சில வாரங்களிலும் உங்கள் கணக்கு திறந்திருந்த கருவிகள் வரிசையாகத் தெரியும். அந்தக் கம்ப்யூட்டரைத் தேர்ந்து ‘சைன் அவுட்’ கொடுங்கள். ஜிமெயிலைக் கம்ப்யூட்டரில் திறக்கும்போது பக்கத்தின் அடியில், வலப்பக்கம் ‘டீடெய்ல்ஸ்’ என்ற சிறிய இணைப்பு இருக்கும். கணக்கு கடைசியாக எந்த இடத்திலிருந்து, எப்போது திறக்கப்பட்டது என்று அது காட்டும்.

வாட்ஸ்அப்: போனில் ‘லிங்க்டு டிவைசஸ்’ திறந்து, கம்ப்யூட்டரின் பெயரைத் தட்டி ‘லாக் அவுட்’ கொடுங்கள். ஒரு கணக்கோடு 4 கருவிகள் வரை இணைக்கலாம் என்பதால், பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் இன்னும் பட்டியலில் இருக்கக்கூடும்.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம்: ‘அக்கவுன்ட்ஸ் சென்டர்’, ‘பாஸ்வேர்டு அண்ட் செக்யூரிட்டி’, ‘வேர் யூ ஆர் லாக்டு இன்’.

டெலிகிராம்: ‘செட்டிங்ஸ்’, ‘டிவைசஸ்’, ‘டெர்மினேட் ஆல் அதர் செஷன்ஸ்’.

பட்டியலில் உங்களுக்குத் தெரியாத கருவி இருந்தால், அதை வெளியேற்றியதும் பாஸ்வேர்டை மாற்றுங்கள். கூகுளில் பாஸ்வேர்டை மாற்றினால், உங்களைச் சரிபார்க்கப் பயன்படும் சில கருவிகள் தவிர மற்ற இடங்களில் எல்லாம் கணக்கு மூடப்படும். பிறகு ரெகவரி எண்ணையும் ரெகவரி அஞ்சலையும் பாருங்கள். ஜிமெயில் அமைப்புகளில் ‘ஃபார்வர்டிங்’ பகுதியையும் ‘ஃபில்டர்ஸ்’ பகுதியையும் பாருங்கள். உள்ளே வந்தவர், உங்களுக்கு வரும் அஞ்சல்கள் தனக்கும் வரும்படி அமைத்துவிட்டுப் போயிருந்தால், பாஸ்வேர்டு மாற்றிய பிறகும் அவை போய்க்கொண்டிருக்கும். பண இழப்பு நடந்திருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள். அது இந்திய அரசின் சைபர் குற்ற உதவி எண்.

கம்ப்யூட்டர் கைமாறும்போது

பழுதுபார்க்கக் கொடுப்பதானால், முன்னதாகவே அஞ்சல், வாட்ஸ்அப் வெப், டிரைவ் எல்லாவற்றிலிருந்தும் வெளியேறி, சேமித்த பாஸ்வேர்டுகளையும் நீக்குங்கள். கடைக்காரர் விண்டோஸ் பாஸ்வேர்டு கேட்டால் உங்களுடையதைத் தராமல், அவருக்கெனத் தனிப் பயனர் கணக்கு ஒன்று திறந்து கொடுங்கள். கம்ப்யூட்டர் திறக்கவே திறக்காத நிலையில் கடைக்குப் போனால், முன்பு சொன்னபடி போனிலிருந்து வெளியேறுங்கள்.

விற்பதானாலும் நன்கொடையாகத் தருவதானாலும் வெளியேறினால் மட்டும் போதாது. கோப்புகளைப் பிரதி எடுத்த பின், விண்டோஸ் 11-ல் ‘செட்டிங்ஸ்’, ‘சிஸ்டம்’, ‘ரெகவரி’, ‘ரீசெட் திஸ் பீசி’ என்ற வழியில் ‘ரிமூவ் எவ்ரிதிங்’ தேர்ந்தெடுங்கள். கூடுதல் அமைப்புகளில் ‘கிளீன் டேட்டா’ என்பதையும் இயக்குங்கள். நேரம் அதிகம் பிடிக்கும். ஆனால் அழித்த கோப்பை மீட்டெடுப்பது மிகவும் கடினமாகிவிடும்.

எப்போது, எவ்வளவு?

உங்களுக்கு மட்டுமான, பாஸ்வேர்டு போட்ட கம்ப்யூட்டர்: எழும்போது திரையைப் பூட்டினால் போதும்.

குடும்பம் பகிரும் கம்ப்யூட்டர்: தனித்தனிப் பயனர் கணக்குகள். அது இல்லாத வரை, ஒவ்வொரு முறையும் சைன் அவுட்.

ஆபீஸ் கம்ப்யூட்டர்: சொந்தக் கணக்கைத் திறக்காமல் இருப்பதே நல்லது. திறந்தால் அன்றே வெளியேறுங்கள். வேலையை விட்டு விலகும் கடைசி நாளில் மூன்று இடங்களையும் பாருங்கள்.

பிரவுசிங் சென்டர், பிறர் வீடு: இன்காக்னிடோ சாளரம், பிறகு சைன் அவுட், பிறகு எல்லா இன்காக்னிடோ சாளரங்களையும் மூடுதல், கடைசியாக டவுன்லோட்ஸ் ஃபோல்டர்.

இந்த அத்தியாயத்துக்கான பயிற்சி ஒன்றுதான். இன்று உங்கள் கூகுள் கணக்கின் ‘யுவர் டிவைசஸ்’ பட்டியலைத் திறந்து, அதில் உள்ள ஒவ்வொரு கருவியும் எது, யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் கையில் இல்லாத ஒவ்வொன்றிலிருந்தும் வெளியேறுங்கள். வீட்டில் இதைத் தாமாகச் செய்ய முடியாத பெரியவர் இருந்தால், அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கண்முன்னே, அவர் சம்மதத்தோடு அவருடைய கணக்குக்கும் செய்துகொடுங்கள். புதிய பாஸ்வேர்டு அமைக்க நேர்ந்தால் அதை அவரே தன் கையால் எழுதி வைத்துக்கொள்ளட்டும்.